பதினாலாம் அறையின் முகவரி

ஆகஸ்ட் 4, வெள்ளி

மூன்று நாளைக்குப் பிறகு இன்று காலையில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், எல்லாக் குடம், கடைசியில் குக்கர் வரைக்கும் நிரப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது.

எல்லோரும் நேற்று மதியம் மூன்றாம் மாடியில் நடந்ததையே பேசிக்கொண்டிருந்தார்கள். பதினாலாம் அறை. ஆவுடையப்பன், அறுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஸ்டென்ட் வைத்து ஐ.சி.யு.விலிருந்து இறக்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சரியாக மதியம் மூன்று எட்டுக்கு இதயம் நின்றிருக்கிறது. கட்டிலோரத்து மானிட்டர் கத்தியிருக்கிறது, ஆனால் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. மனைவி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். நர்ஸ் ஸ்டேஷனில் முப்பத்திரண்டு அறைகளின் கோடுகளும் ஓடுகிற பெரிய திரை இருக்கிறது. அதில் சத்தமே வரவில்லை. மனைவி திரும்பி வந்து பார்த்து அலறியபோது ஆறு நிமிடம் போயிருந்தது. உயிர் திரும்பிவிட்டது. வென்டிலேட்டரில் இருக்கிறார். நினைவு இல்லை.

திரைக்கு முன்னால் இருந்த நர்ஸ் பெல்சியா.

மெடிக்கல் டைரக்டர் டாக்டர் அருணகிரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். "நெட்வொர்க்ல ஏதாவது கோளாறாம்மா? பாத்து இன்னைக்கே எழுதிக் குடுத்திருங்க" என்றார். பார்த்தேன். ஸ்விட்ச் எல்லாம் ஓடுகின்றன. கேபிள் சரி. திரையின் கணினிக்கு, இருக்கிறாயா என்று கேட்கிற பிங் அனுப்பினால் பதில் வருகிறது. "நெட்வொர்க்கில் பழுது ஏதும் இல்லை. ப. சண்முகவடிவு, நெட்வொர்க் நிர்வாகி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அரைப் பக்கம். இருபது நிமிட வேலை.

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது.


ஆகஸ்ட் 5, சனி

மதியம் பெல்சியா சர்வர் அறைக்கு வந்தாள். அவளை எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. மூன்றாம் மாடி பிரிண்டர் நின்றுபோனால் போன் செய்வாள், அவ்வளவுதான். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சீருடையில் இல்லாமல் சுடிதாரில் வந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, என்னை சஸ்பெண்ட் செஞ்சிட்டாங்க."

"கேள்விப்பட்டேன். உக்காரு."

உட்காரவில்லை. "ஸ்கிரீன்ல எழுபத்திரெண்டு ஓடிச்சு அக்கா. கோடு நல்லாப் போச்சு. அந்த அம்மா கத்தினப்பமும் பாத்தேன், எழுபத்திரெண்டுதான். நான் கண்ணால கண்டேன்."

"பக்கத்து ரூம் கோட்டப் பாத்திருப்பம்மா."

"பதினாலுதான் அக்கா." பிறகு மெதுவாகக் கேட்டாள். "கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுமா? ஆளுக்கு நின்னு போனப்பறமும், தானா ஒரு கோடு போடுமா?"

"காட்டாது" என்றேன்.

"அப்பம் நான்தான் எதையாவது அமத்தினேனோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அந்தத் திரைக் கணினி கோடுகளை ஆறு மணி நேரம்தான் சேமித்து வைக்கும். யாரும் எடுத்துப் பார்ப்பதற்குள் அழிந்துவிட்டது. அலாரப் பட்டியலில் பதினாலுக்கு ஒரு வரிகூட இல்லை. பட்டியலைக் கையால் அழிக்க முடியும் என்று மெஷின் கம்பெனிக்காரர் போனில் சொல்லியிருக்கிறார். ஆக, அலாரத்தை அணைத்துவிட்டுத் தடயத்தையும் அழித்துவிட்டாள் என்று முடிவு. நெட்வொர்க் சரியாக இருந்தது என்பதற்கு என்னுடைய அரைப் பக்கம் ஆதாரம்.

எப்படியெல்லாம் எழுபத்திரண்டு வந்திருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு கருவிகளுக்கு ஒரே வன்பொருள் முகவரி இருந்தால் நடக்கலாம். ஆனால் அந்த முகவரி தொழிற்சாலையிலேயே பொறித்து வருவது. உலகத்தில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. அதனால் அந்த வரியை அடித்துவிட்டேன்.


ஆகஸ்ட் 6, ஞாயிறு

பெல்ட் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டேன். எழுபத்திரண்டு.


ஆகஸ்ட் 7, திங்கள்

இன்று ஒன்று தெரிந்துகொண்டேன். ஏழு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், இத்தனை நாள் தெரியாமல் இருந்ததே வெட்கம்.

நான் பிங் அனுப்பியது அந்தக் கணினியின் இன்னொரு நெட்வொர்க் அட்டைக்கு. பிரிண்டருக்கும் அலுவலகத்துக்கும் போகிற அட்டை. மானிட்டர்கள் பேசுவது வேறு அட்டையில். அவை பழைய மாடல். ஐ.பி. முகவரி என்பதே அவற்றுக்குக் கிடையாது. கேபிளில் நேரடியாக, இணைப்பு அடுக்கிலேயே, வன்பொருள் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு பேசிக்கொள்கின்றன. நான் வைத்திருக்கிற கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் அதற்கு மேலே இருக்கிற அடுக்குகளைத்தான் பார்க்கும். அந்தக் கேபிளில் வெள்ளம் போனாலும் அதற்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு இந்த வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பச்சையாகப் படிக்க வேண்டியதுதான். கேபிளில் போகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும், யாரும் பிரித்து அர்த்தம் சொல்வதற்கு முன்னால், பைட் பைட்டாக. அதற்கு நானே நிரல் எழுத வேண்டும். ஸ்விட்சில் திரைக் கணினியின் போர்ட்டில் போவது வருவது எல்லாவற்றுக்கும் ஒரு நகல் என் லேப்டாப்புக்கு வரும்படி அமைத்தேன். கல்லூரியை விட்டபிறகு சி மொழியில் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. இருபது வருடம்.


ஆகஸ்ட் 8, செவ்வாய்

முப்பத்தெட்டு வரி. ரூட் என்கிற முழு அதிகாரம் இல்லாமல் அட்டையைத் திறக்க முடியாது என்றது, கொடுத்தேன். திறந்தது. நாள் முழுக்க ஓடியது. ஒரு பாக்கெட் கூட வரவில்லை.


ஆகஸ்ட் 9, புதன்

காரணம் ஒரே ஒரு சொல். எல்லா வகைப் பாக்கெட்டும் வேண்டும் என்று கேட்கிற எண்ணை நெட்வொர்க்கின் பைட் வரிசைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அப்படியே கொடுத்திருந்தேன். இரண்டு பைட்டும் இடம் மாறி, எவனும் அனுப்பாத ஏதோ ஒரு வகைக்காக நேற்று முழுதும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது நிரல்.

திருத்தினேன். அட்டையை, தனக்கு வராததையும் வாங்கிக்கொள்ளும் நிலைக்கு மாற்றினேன். என்டர் தட்டினதும் கொட்ட ஆரம்பித்தது. திரை நிறைய எண்கள். முதல் ஆறு பைட் யாருக்கு, அடுத்த ஆறு யாரிடமிருந்து, அடுத்த இரண்டு என்ன வகை. பதினாலு பைட். அதற்குப் பிறகு வருவது மானிட்டர் சொல்ல வந்த விஷயம். மேலே இருக்கிற மனிதர்களின் மூச்சும் நாடியும் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது என்று நினைத்ததும் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு டீ குடித்துவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்தேன்.


ஆகஸ்ட் 10, வியாழன்

காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை ஓட்டினேன். முப்பத்திரண்டு அறை, முப்பத்திரண்டு முகவரி. யாரும் நடுவில் காணாமல் போகவில்லை. பழுது என்று எதுவும் இல்லை.

நர்சிங் சூப்பிரண்டெண்ட் கிரேஸ்லின் மேடம் வந்து எட்டிப் பார்த்தார். "சண்முகவடிவு, நீங்கதான ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க? அப்பறம் என்னத்தத் தேடுதீங்க?"

"சரியாப் பாக்காம எழுதிட்டேன் மேடம்."

"நாளைக்கு இன்னொருத்தி இதே மாதிரி செய்யக் கூடாது பாருங்க. அதான் எனக்கு வேணும்" என்றார். கெட்டவர் இல்லை. முப்பது வருடமாக வார்டில் நின்றவர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரைத்தளத்தில் பயோமெடிக்கல் அறைப் பக்கம் போனேன். மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் அறை. பூட்டியிருந்தது. டெக்னீசியன் இசக்கிமுத்து ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று லீவாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அலமாரியில் ஸ்பேர் மானிட்டர் இருந்தது. எதற்காக அங்கே போனேன் என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 11, வெள்ளி

பெல்சியாவுக்குப் போன் செய்தேன். ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது.

"அம்மைட்ட லீவுன்னுதான் சொல்லியிருக்கேன். எத்தன நாளு சொல்ல முடியும்?"

இருபத்தொன்றாம் தேதி கமிட்டி கூடுகிறது. அன்றைக்கு முடிவு செய்து நர்சிங் கவுன்சிலுக்கு எழுதிவிடுவார்களாம். எழுதிவிட்டால் பதிவு போய்விடும். அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கில்கூட ஊசி போட முடியாது.

"நான் பாத்துட்டிருக்கேன்" என்றேன்.

"என்னத்த அக்கா பாக்கீங்க?"




ஆகஸ்ட் 12, சனி

ஆவுடையப்பன் கண் திறந்திருக்கிறார். குழாயை எடுத்துவிட்டார்கள். ஐ.சி.யு. வராந்தாவில் இருந்த வைஃபை ஆக்சஸ் பாயிண்டைப் பார்க்கப் போனேன். அதில் ஒரு பழுதும் இல்லை. அவர் மனைவி கோமதியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு, மடியில் பிளாஸ்க்.

"நீங்க டாக்டராம்மா?"

"இல்ல. கம்ப்யூட்டர் பாக்குறவ."

"என்னையப் பாத்தாரு" என்றார். "ஆனா பஸ்ஸுல ஏறுத ஆளப் பாக்குத மாதிரி பாத்தாரு."

நான் ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 14, திங்கள்

முகவரியை மட்டும் எண்ணினால் போதாது. உள்ளே என்ன சொல்கிறது என்று படிக்க வேண்டும். கம்பெனி இதற்கு விளக்கம் எதுவும் கொடுப்பதில்லை. நானே கண்டுபிடித்தேன். தலைப்பு பதினாலு பைட்டுக்குப் பிறகு முதல் இரண்டு பைட் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒன்று கூடுகிறது. வரிசை எண். நாடித்துடிப்பு எது என்று தெரியவில்லை. ஒன்பதாம் அறைக்குப் போய் நின்றேன். அங்கே இருந்த பெரியவர் "என்னம்மா வேணும்?" என்றார். "உங்க நாடித்துடிப்புதான் ஐயா" என்றேன். மானிட்டரில் 91, 92, 91, 88 என்று போனதை நேரத்தோடு குறித்துக்கொண்டு கீழே வந்து அதே நேரத்துப் பாக்கெட்டுகளைப் பார்த்தேன். இருபத்திரண்டாவது பைட். 5B, 5C, 5B, 58. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 5B என்றால் தொண்ணூற்றொன்று. அப்படியே பொருந்தியது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை. கேன்டீனில் ஒரு பஜ்ஜி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இனிமேல் நிரல் ஒவ்வொரு முகவரிக்கும் வரிசை எண்ணைக் கவனிக்கும். எண் தாவினால் சத்தம் கொடுக்கும்.


ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றத்துக்குப் போனேன். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது, அங்கே பெல்ட் கிடைத்தது. அவரே மாட்டிக் கொடுத்தார்.


ஆகஸ்ட் 16, புதன்

எல்லா எண்ணும் ஒழுங்காகக் கூடுகிறது. இன்னும் நாலு வேலை நாள்.


ஆகஸ்ட் 17, வியாழன்

மதியம் இரண்டு நாற்பத்தேழுக்குச் சத்தம் கொடுத்தது.

பதினாலாம் அறையின் முகவரி. வரிசை எண் 41207, 41208. அடுத்தது 3. அடுத்தது 41209. அடுத்தது 4. பிறகு 41210, 5, 41211, 6. ஒரே பெயரில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருப்பவன். இன்னொருவன் இப்போதுதான் எழுந்தவன். இருபத்திரண்டாவது பைட்டைப் பார்த்தேன். பழையவனிடம் 66, 67, 65. நூற்றிரண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. புதியவனிடம் 48. அடுத்ததும் 48. அதற்கடுத்ததும் 48. நாலு பதினாறு அறுபத்து நாலு, அதோடு எட்டு.

எழுபத்திரண்டு.

திரைக் கணினி அனுப்பும் பதில்கள் புதியவனின் வரிசை எண்ணுக்குத்தான் போயின. கடைசியாக வந்து பெயர் சொன்னவனை அது நம்பிவிடுகிறது. பழையவன் கேபிளில் கத்திக்கொண்டே இருக்கிறான், கேட்க ஆள் இல்லை.

லிப்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடி. நர்ஸ் ஸ்டேஷன் திரையில் பதினாலாம் கட்டத்தில் அழகான கோடு, 72. பதினாலாம் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பெண்மணி, நேற்று அனுமதியானவர், ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தார். கட்டிலோரத்து மானிட்டரில் 103. "இந்த அம்மா பக்கத்துல ஆள் நில்லுங்க, ஸ்கிரீன நம்பாதீங்க!" என்று நர்ஸிடம் கத்திவிட்டுத் தரைத்தளத்துக்கு ஓடினேன். கத்தியது தப்பு. அந்த அம்மா பயந்துபோய்விட்டார்.

பயோமெடிக்கல் அறையில் இசக்கிமுத்து மேசையில் ஸ்பேர் மானிட்டரை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். நோயாளிக்குப் பதிலாக இதயத் துடிப்பை உண்டாக்கிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி அதில் செருகியிருந்தது. அதன் முகப்பில் 72 என்று எழுதியிருந்தது. மானிட்டரிலிருந்து ஒரு கேபிள் சுவரில் இருந்த நெட்வொர்க் துளைக்குப் போனது.

பிடுங்கினேன். துளையின் மூடியும் சேர்ந்து வந்துவிட்டது.

"என்ன மேடம்! என்னாச்சு?"

"இத எப்பல்லாம் சொருகுவீங்க?"

"வியாழக்கிழமதோறும் சாப்பிட்டுட்டு வந்து போட்டுப் பாப்பேன்லா. பேட்டரி, லைன் எல்லாம். போன வாரம் லீவு. அதுக்கு முந்தின வாரம்..." அவர் அங்கே நிறுத்திவிட்டார். மூன்றாம் தேதியும் வியாழக்கிழமை.

பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். அதை இன்று எழுதவில்லை.

பதினாலாம் அறையைக் காலி செய்ய வைத்துவிட்டு, ஸ்பேரைப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்து வந்தேன். கமிட்டியில் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது என்று மட்டும் டாக்டர் அருணகிரிக்குச் செய்தி அனுப்பினேன்.


ஆகஸ்ட் 18, வெள்ளி

துணி துவைத்தேன். போர்வை, திரைச்சீலை எல்லாம். லீவு போட்டிருந்தேன்.


ஆகஸ்ட் 19, சனி

இசக்கிமுத்து கேட்டது இதுதான். "மேடம், இது போன வருசம் நீங்கதான பதினாலுக்கு மாத்திக் குடுத்தீங்க?"

ஆமாம். நான்தான்.

போன வருடம் மார்ச் மாதம் பதினாலாம் அறை மானிட்டர் பழுதாகிக் கம்பெனிக்குப் போயிற்று. ஸ்பேரை வைத்தோம். திரைக் கணினி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனிடம் பதிந்திருக்கும் முப்பத்திரண்டு முகவரிகளை மட்டும்தான் ஏற்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கம்பெனிக்கு இரண்டு வாரம். அறையில் ஆள் வந்து படுத்தாகிவிட்டது. தொழிற்சாலையில் பொறித்த முகவரியை மறைத்து வேறொன்றைச் சொல்ல வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. எனக்குத் தெரியும். பழுதான மானிட்டரின் முகவரியை ஸ்பேருக்குக் கொடுத்தேன். இரண்டு நிமிடம். திரையில் கோடு வந்தது. "மேடம்னா மேடம்தான்" என்றார் இசக்கிமுத்து. எனக்குப் பெருமையாக இருந்தது. ஏப்ரலில் அசல் மானிட்டர் திரும்பி வந்தது, அறைக்குப் போனது. ஸ்பேரின் முகவரியைப் பழையபடி மாற்ற வேண்டும். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்துகொண்டிருந்தேன். நாளைக்கு என்றேன். பிறகு மறந்தேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஒரு வரியை அடித்தேன் என்று இதில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போதே கை கொஞ்சம் நின்றது. அதை எழுதவில்லை. பத்தாம் தேதி கண்ணாடி வழியாக எதைப் பார்க்கப் போனேன் என்பதும் எனக்குத் தெரியும்.

வியாழன் மாலையே என் கணவரிடம் சொன்னேன். காந்திமதிநாதன் பேங்கில் இருபத்தைந்து வருடம் இருந்தவர், எதையும் இரண்டு தடவை கேட்பார். கேட்டுவிட்டுச் சொன்னார். "இப்ப அந்தப் பெட்டிய சரி பண்ணிரலாம்லா?"

"ரெண்டு நிமிசம்."

"அப்ப பண்ணிரு. கம்பெனிக்காரன் சாப்ட்வேர்ல கோளாறுன்னு சொல்லு. அதுவும் பொய்யில்லையே, ரெண்டு பேரு ஒரே பேரச் சொன்னா அது முழிக்கணுமா வேண்டாமா? அந்தப் பிள்ளையும் தப்பிச்சிரும். நீயும் தப்பிச்சிருவ."

அவர் சொன்னதை இரண்டு நாளாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கம்பெனிக்காரர் வருவார், சோதிப்பார், எங்கள் மென்பொருளில் ஒன்றும் இல்லை என்பார். அப்போது பழி மறுபடியும் பெல்சியாவின் வாசலில்தான் வந்து நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. போன வருடம் ஸ்பேரை எங்கெங்கே கொண்டு போனோம், வேறு எதில் கை வைத்தேன் என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லாவிட்டால் மற்ற அறைகளைத் திறந்து பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

இவரிடம் "சொல்லப் போறேன்" என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சட்னிக்குத் தேங்கா இல்ல, வாங்கிட்டு வந்திருதேன்" என்று எழுந்து போனார். வருவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஸ்பேரை மாற்றவில்லை. நாளை அது அப்படியே இருக்க வேண்டும்.

பாக்கெட்டுகளைத் தாளில் அச்செடுத்தேன். நாலாம் தேதிக் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம். போன வருடம் மார்ச்சில் செய்ததைத் தேதியோடு இன்னொரு கடிதம்.


ஆகஸ்ட் 21, திங்கள்

பேசிக் காட்டுவதைவிடக் கண்ணால் பார்க்கட்டும் என்று எல்லோரையும் மூன்றாம் மாடிக்கே அழைத்தேன். டாக்டர் அருணகிரி, கிரேஸ்லின் மேடம், நிர்வாகத்திலிருந்து ஒருவர், இசக்கிமுத்து. பெல்சியா காலை பஸ்ஸில் வந்திருந்தாள். ஒதுங்கிச் சுவரோரம் நின்றாள்.

காலியாக இருந்த பதினாலாம் அறையில் மானிட்டருக்குத் துடிப்புப் பெட்டி ஒன்றைச் செருகி, துடிப்பை நிறுத்தினேன். திரையில் பதினாலாம் கட்டம் சிவப்பாகி அலறியது. எல்லோரும் தலையாட்டினார்கள். மீண்டும் ஓடவிட்டேன். பிறகு இசக்கிமுத்து கீழே போய் ஸ்பேரை இணைத்துவிட்டுப் போன் செய்தார். இப்போது அறையில் துடிப்பை நிறுத்தினேன். அறைக்குள் மானிட்டர் கத்தியது. கதவைச் சாத்தினேன். திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. 72. கட்டம் பச்சை. ஒரு நிமிடம் நின்று பார்த்தோம். ஆறு நிமிடமும் நிற்க வைக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் முடியவில்லை.

"கர்த்தரே" என்றார் கிரேஸ்லின் மேடம். திரும்பிப் பெல்சியாவைப் பார்த்தார். பெல்சியா யாரையும் பார்க்கவில்லை. 72-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பயோமெடிக்கல்ல பெர்மிஷன் இல்லாம ஸ்பேர லைவ் நெட்வொர்க்ல சொருகியிருக்காங்க. அப்படித்தானம்மா? அப்படியே ரிப்போர்ட் போட்டிருவோம்."

இசக்கிமுத்து அப்போதுதான் படியேறி வந்து நின்றார். காதில் விழுந்திருக்கும்.

"இல்ல சார். அவரு எப்பவும் செய்யிற சோதனையத்தான் செஞ்சாரு. ரெண்டுக்கும் ஒரே முகவரியக் குடுத்தது நான். திருப்பி மாத்தாம விட்டதும் நான். பழுது இல்லன்னு பாக்காம எழுதிக் குடுத்ததும் நான்தான்."

கடிதங்களைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டையும் படித்தார். "இத எழுதாம இருந்திருக்கலாமேம்மா" என்றார், திட்டுகிற குரலில் இல்லை. "எழுதிட்டீங்க. இனி நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லோரும் இறங்கிப் போனபிறகு பெல்சியா என்னிடம் வந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டப்பம் காட்டாதுன்னு சொன்னீங்களே அக்கா."

"ஆமா."

"அப்பமே உங்களுக்குத் தெரியுமா?"

"பாதி தெரியும். பாக்க வேண்டாம்னு இருந்தேன்."

அவள் முகம் சிவந்தது. "பதினாறு நாளு. கைய ஓங்கி ஓங்கிப் பாத்துட்டுக் கிடந்தேன் அக்கா, இந்த விரலுதான் அமத்திச்சோன்னு. எங்க அம்மை வைக்கிற சோறு எறங்கல்ல." பிறகு, "உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இப்பம் வரல்ல" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது கையில் கஞ்சி கொட்டிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை.


ஆகஸ்ட் 22, செவ்வாய்

கடிதம் வந்தது. இந்த மாதக் கடைசியோடு என்னைப் பொறுப்பிலிருந்து நீக்குகிறார்கள். விசாரணை தொடரும். மாதம் முடியும்வரை இசக்கிமுத்துவுடன் சேர்ந்து ஆஸ்பத்திரியில் உள்ள எல்லா மானிட்டர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதித் தர வேண்டும். அந்தக் கடைசி வரியை நான்தான் கேட்டு வாங்கினேன்.

கவுன்சிலுக்குக் கடிதம் போகவில்லை. தன்மேல் தவறில்லை என்று எழுத்தில் கொடுத்தால்தான் சீருடை போடுவேன் என்று பெல்சியா சொல்லிவிட்டாளாம். கிரேஸ்லின் மேடமே தட்டச்சுச் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.


ஆகஸ்ட் 23, புதன்

ஒவ்வொரு மானிட்டரின் அடியிலும் ஒட்டியிருக்கும் முகவரியை இசக்கிமுத்து குப்புறப் படுத்துப் படிக்கிறார். கேபிளில் வருவதோடு நான் ஒப்பிடுகிறேன். மூன்றாம் மாடியில் பதினெட்டு முடிந்தது. பதினெட்டும் சரி.

"பழிய எம்மேல போடாம இருந்தீங்களே மேடம்" என்றார் கட்டிலுக்கு அடியிலிருந்து. "எம்பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம் வச்சிருக்கேன்."

"அடுத்த நம்பரப் படிங்க" என்றேன்.


ஆகஸ்ட் 24, வியாழன்

ஆவுடையப்பனின் குடும்பத்துக்கு "முறையான வார்த்தைகளில்" நிர்வாகம் தெரிவிக்கும், நான் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நேற்று தெரிவித்தும் விட்டார்கள். கருவிக் கோளாறு என்று சொன்னார்களாம்.

காலையில் முதல் வேலையாக இரண்டாம் மாடிக்குப் போனேன். அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், பெரிய கைகள். கோமதியம்மாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கம்ப்யூட்டர் அம்மா. வாங்க. இவரு பேச ஆரம்பிச்சிட்டாரு தெரியுமா? பாவநாசம் ரூட்டுல எல்லா ஸ்டாப்பும் வரிசையாச் சொல்லுதாரு. பேட்டை, சுத்தமல்லி, சேரமாதேவி, வீரவநல்லூர்... ஒண்ணு விடல. எம்பேருதான் வரல."

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே "கல்லிடைக்குறிச்சி" என்றார்.

வராந்தாவுக்கு அழைத்து வந்து சொன்னேன். இரண்டு மானிட்டர்கள், ஒரே முகவரி, ஒன்று பொய்யான துடிப்பை அனுப்பியது, உங்கள் கணவரின் கருவி கத்தியும் யாருக்கும் கேட்காமல் போனது. எல்லாவற்றையும், கருவி என்று சொல்லாமல் நான் என்று சொல்லி. சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வரக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அந்த நர்ஸுப் பிள்ளைய நான் வாயில வந்ததெல்லாம் ஏசிட்டேனே" என்றார் கடைசியில். "அவ கால்ல விழுந்து நான் பாக்கலம்மா பாக்கலம்மான்னு சொன்னா."

"அவ மேல தப்பே இல்ல."

"தெரியுது. ஒங்க மேலதான்." முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். "மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு நெனச்சு வந்தீங்களா?"

"இல்லம்மா."

"சொல்ல மாட்டேன். அவரு எம்பேரச் சொல்லட்டும், அப்பறம் பாப்போம்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது மாதிரி வேற எத்தன பெட்டி இருக்கு?"

"இந்த ஆஸ்பத்திரியில அறுபத்து நாலு. பதினெட்டு பாத்தாச்சு."

"மிச்சத்துலயும் இப்ப ஆளு படுத்திருக்காங்கல்லா?"

"ஆமா."

"அப்ப இங்கன நின்னு என்னத்துக்கு அழுதீங்க?" என்றார் கோமதியம்மாள். "போங்க. போயிப் பாருங்க."

போனேன். இசக்கிமுத்து பத்தொன்பதாம் அறைக்கு வெளியே டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். மாலை ஆறு மணிக்குள் மூன்றாம் மாடி முழுவதையும் முடித்துவிட்டு நாலாம் மாடியில் ஐந்து பார்த்தோம்.